அடிலெய்டிலிருந்து டார்வின்: கேரவனை மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டிவிட்டு, காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களை ஆஸ்திரேலியாவில் கிரே நோமட்ஸ் என்பார்கள். நரைத்த நாடோடிகள். எங்களுக்கு நரை எப்போதோ வந்துவிட்டது, நாடோடி ஆவதற்குத்தான் ஒன்றரை வருடம் பிடித்தது, அதில் பாதி என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்த நேரம். போய் வந்த பிறகு தெரிந்தவர்கள் எல்லாரும் பாம்பைப் பற்றியும் முதலையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். யாரும் எடையைப் பற்றிக் கேட்பதில்லை. அவுட்பேக் என்கிற ஆளரவமில்லாத உள்நாட்டில் வயதானவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எடை, டீசல், தண்ணீர் இந்த மூன்றையும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கூட்டிக் கழிக்காமல் கிளம்பியதால்தான்.

முதல் பயணத்துக்கு ஸ்டூவர்ட் ஹைவே போதும். அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா, அங்கிருந்து நேர் வடக்கே கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்தரின், டார்வின் என்று மொத்தம் 3,000 கிலோமீட்டர் சொச்சம். 1987 முதல் முழுக்கத் தார் ரோடு. மண் ரோட்டில் போனால்தான் அவுட்பேக் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். அலை அலையாக மடிப்பு விழுந்த மண் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், கேரவன் அலமாரியில் ஒரு திருகாணிகூட இருந்த இடத்தில் இருக்காது. அதெல்லாம் இரண்டாவது பயணத்துக்கு.

கிளம்புகிற மாதம் மே அல்லது ஜூன். கோடையில் கூபர் பீடி பக்கம் 45 டிகிரியைத் தாண்டும், வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், ரோடே வெள்ளத்தில் மூழ்கும். ஆனால் ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போய்விடாதீர்கள்.

இப்போது எடை. கேரவனின் தகட்டில் டேர் என்று ஒரு எண் இருக்கும், அது வெறும் வண்டியின் எடை. ஏடிஎம் என்று இன்னொரு எண், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அதைத் தாண்டவே கூடாது. டேர் 2,150 கிலோ, ஏடிஎம் 2,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம், 450 கிலோ கையில் இருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் 190 கிலோ போயிற்று. ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, உள்ளே இருக்கும் கேஸ் மட்டுமே 18. மிச்சம் 240 கிலோ சொச்சத்தில் துணி, படுக்கை, நாற்காலி, டூல் பாக்ஸ், பாத்திரம், மளிகை எல்லாம் அடங்க வேண்டும். இதில் இன்னொரு சங்கடம், விற்பவர் கூடுதலாகப் பொருத்திக் கொடுத்த ஏசி, பேட்டரி, சோலார் எல்லாம் தகட்டில் உள்ள டேர் கணக்கில் வந்திருக்கும் என்று நம்ப முடியாது. எங்கள் வண்டியை எடைமேடையில் ஏற்றியபோது தகட்டில் இருந்ததைவிட 110 கிலோ அதிகம் காட்டியது, விற்றவரிடம் கேட்டதற்கு எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார். அதனால் சாமான் ஏற்றும் முன் ஒரு தடவை, ஏற்றிய பிறகு ஒரு தடவை, காசைப் பார்க்காமல் எடைமேடைக்குப் போய் வாருங்கள்.

காருக்கும் ஒரு கணக்கு உண்டு. 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், ஆனால் காரும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுதான் என்று தனியாக ஒரு உச்சவரம்பு இருக்கிறது, காரில் ஆளையும் சாமானையும் ஏற்ற ஏற்ற இழுக்கும் எடை குறையும். கேரவனின் மூக்கு, காரின் பின்னால் அதை மாட்டும் டோ பால் என்கிற குண்டின் மேல் அழுத்தும் எடை கேரவன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும், அதுவும் கார் சுமக்கும் கணக்கில்தான் சேரும். கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். பின்பக்கம் கனம் கூடினால் வண்டி மீன் வால் போல ஆட ஆரம்பிக்கும். ஆடினால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் கேரவன் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்க வேண்டும். காலி மைதானத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தானைத் தொட்டுப் பழகுங்கள், ஆடும்போது தேட நேரம் இருக்காது.

டீசல் கணக்கு இன்னும் எளிது, ஆனால் ஏமாற்றும். கேரவன் இழுக்கும்போது எங்கள் கார் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடிக்கும். போர்ட் அகஸ்டாவைத் தாண்டி வரும் பிம்பாவிலிருந்து கூபர் பீடி சுமார் 365 கிலோமீட்டர். நடுவில் கிளெண்டாம்போ என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, ஆனால் அது இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். 80 லிட்டர் டேங்க் நிறைய இருந்தால் 440 கிலோமீட்டர் வரும், போதும் போலத்தான் தெரியும். எதிர்க்காற்று அடித்தால் அதே கார் 22 லிட்டர் குடிக்கும், அப்போது 363 கிலோமீட்டரில் டேங்க் காலி. ஊர் கண்ணுக்குத் தெரியும், வண்டி நகராது! எங்களிடம் 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று எப்போதும் உண்டு, பாதி டேங்க் இறங்கியதும் அடுத்த ரோட்ஹவுஸில், அதாவது வழியோர டீசல் பங்க்கில், விலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் நிரப்பிவிடுவோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், மூன்று நாளைக்கு. அதில் குடிக்கிற தண்ணீரைத் தொட்டியில் வைக்காமல் காருக்குள் தனி கேனில் வையுங்கள், தொட்டியின் குழாயில் ஒரு கல் பட்டால் எல்லாம் ரோட்டில். வண்டி நின்றுபோனால் எக்காரணம் கொண்டும் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.

ஊரைத் தாண்டினால் போன் சிக்னல் கிடையாது, 000 என்கிற அவசர எண்ணும் எந்த நிறுவனத்தின் டவராவது இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் பிஎல்பி என்கிற சின்ன பீக்கன் ஒன்று வாங்கி இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருக்கும் இடம் போய்விடும். மாத்திரை இரண்டு மாதத்துக்கு. பெரிதாக ஏதாவது என்றால் ராயல் ஃப்ளையிங் டாக்டர் விமானம் வரும். 1928இல் ஜான் ஃப்ளின் என்கிற பாதிரியார் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் ஆரம்பித்த சேவை அது. அவர் கல்லறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம்தான் இருக்கிறது. அதன் மேல் வைக்க கார்லு கார்லுவிலிருந்து ஒரு பெரிய உருண்டைப் பாறையைத் தூக்கி வந்துவிட்டார்கள், அந்த மண்ணின் மக்களுக்கு அது புனிதமான இடம், கடைசியில் 1999இல் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். டெவில்ஸ் மார்பிள்ஸ் என்று வரைபடத்தில் இருப்பது இந்தக் கார்லு கார்லுதான். மாலை வெயிலில் அங்கே உட்கார்ந்து காபி குடிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள், தங்குவதற்கு ஆன்லைனில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஓட்டுகிற விஷயத்தில் எங்கள் விதி, ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், வேகம் 90, மாலை நாலு மணிக்கு நிறுத்திவிட வேண்டும். நார்தர்ன் டெரிட்டரியில் சில இடங்களில் 130 வரை போகலாம் என்று பலகை இருக்கும், அது நமக்கில்லை. விடியலிலும் அந்தியிலும் கங்காரு குறுக்கே பாயும். ரோட்டில் செத்துக் கிடக்கும் கங்காருவைக் கழுகு கொத்திக்கொண்டிருந்தால் வேகத்தைக் குறையுங்கள், வயிறு நிறைந்த கழுகு சட்டென்று எழும்ப முடியாமல் நேரே கண்ணாடிக்குத்தான் வரும். ரோடு டிரெயின் என்று 53.5 மீட்டர் நீள லாரி வரும். அது உங்களை முந்தும்போது ஒரே வேகத்தில் நேராகப் போங்கள், பயந்துபோய் ஓரச் சரளையில் இறங்கினால்தான் ஆபத்து. யூஹெச்எஃப் ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்திருந்தால் டிரைவரோடு பேசலாம், கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேசுவது 18இல்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் ஓட்டுங்கள். காரை மட்டும் இல்லை, கேரவனை மாட்டவும், கழற்றவும், ரிவர்ஸ் எடுக்கவும் தெரிய வேண்டும், ஏனென்றால் அவருக்கு நெஞ்சு வலி வந்தால் அடுத்த ஊர் 200 கிலோமீட்டர். நான் பழகும்போது இவர் வெளியே நின்று "லெஃப்ட்டுல ஒடிம்மா, லெஃப்ட்டு" என்று கத்துவார், நான் "யாரோட லெஃப்ட்டுங்க?" என்று கத்துவேன், பக்கத்து வண்டிக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் கையடக்க ரேடியோ இரண்டு வாங்கி, லெஃப்ட் ரைட்டை விட்டுவிட்டு "டிரைவர் பக்கம், என் பக்கம்" என்று மாற்றிக்கொண்டோம். சண்டை பாதி குறைந்தது.

சமையலுக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். டின் சாமான் கனம், பருப்பும் அரிசியும் கொண்டுபோங்கள். இட்லி மாவு வேண்டாம். குளிரில் இரண்டு நாள் புளிக்காமல் கிடந்தது, மூன்றாம் நாள் வெயிலில் வண்டி குலுங்கியதும் ஃபிரிட்ஜ் முழுக்க ஊற்றிவிட்டது. வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைவதாக இருந்தால் எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் பரிசோதித்து வாங்கிவிடுவார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், ஒளித்து வைக்காமல் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

ஸ்டூவர்ட் ஹைவேயில் ஆலிஸுக்கு முன்னால் வரும் எர்ல்டுண்டாவில் இடது பக்கம் திரும்பினால், உலுரு என்கிற பெரிய பாறைக்குப் பக்கத்து ஊரான யுலாரா போக 245 கிலோமீட்டர். வழியில் தட்டையான மலை ஒன்று வரும், வந்துவிட்டது என்று எல்லாரும் கேமராவை எடுப்பார்கள், அது மவுண்ட் கானர். 2019 அக்டோபரிலிருந்து உலுரு மேல் ஏற அனுமதி இல்லை, சுற்றி நடக்கலாம், காலையில் சீக்கிரம் தொடங்குங்கள். ஈ மொய்க்கும், தலைக்கு வலைத்தொப்பி ஆலிஸில் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், யாரும் சொல்லாத வேலை ஒன்று. கழிவறைப் பெட்டியைக் கொட்டுவதற்கென்று ஊர்களில் டம்ப் பாயிண்ட் இருக்கும், எங்கே இருக்கிறது என்று விக்கிகேம்ப்ஸ் செயலியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நிறையும் வரை காத்திருக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது அவர் வேலை என்று கிளம்பும் முன்பே பேசி முடிவாகிவிட்டது. மாடரங்காவில் 34 டிகிரி வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு மிதந்துகொண்டிருந்தபோது அதைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்றார். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.