ஓர் அணியின் டிராஃப்ட் வரலாற்றைப் படிப்பது எப்படி: சான் அன்டோனியோ ஸ்பர்ஸை முன்வைத்து

கூடைப்பந்து அணி ஒன்றின் டிராஃப்ட் பட்டியல் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில் அது எடுத்தவர்களின் பட்டியல்) கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் தெரிந்த பெயர்களைத் தேடுவோம், அவற்றை எண்ணுவோம், அந்த எண்ணிக்கையை வைத்தே அந்த அணி திறமையாகத் தேர்வு செய்ததா இல்லையா என்று முடிவுகட்டிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பட்டியலை ஒரு நோட்டில் வரிவரியாக எழுதத் தொடங்கிய பிறகுதான், பெயர் என்பது ஒரு வரியில் ஆகக் குறைவாகப் பேசும் பகுதி என்பது எனக்குப் புரிந்தது. டிராஃப்டில் ஓர் அணிக்குக் கிடைப்பது ஒரு வீரரோடு ஒப்பந்தம் பேசும் தனியுரிமை மட்டுமே. அந்த உரிமை எப்படிக் கைக்கு வந்தது, அதை அணி என்ன செய்தது, எப்போது பயன்படுத்தியது, யாரிடம் கைமாற்றியது என்பவைதாம் அணியின் உண்மையான டிராஃப்ட் வரலாறு. எந்த அணியின் பட்டியலுக்கும் இம்முறை பொருந்தும். ஸ்பர்ஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் பட்டியலில் இதற்கான எடுத்துக்காட்டுகள் நிறைந்து கிடப்பதுதான்.

முதலில் பட்டியலின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பர்ஸ் 1967இல் டல்லாஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில், அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போட்டியாக இயங்கிய ஏபிஏ என்னும் லீக்கில் பிறந்து, 1973இல் சான் அன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்து, 1976இல் என்பிஏவில் சேர்ந்த அணியாகும். அதனால் அதன் என்பிஏ டிராஃப்ட் பட்டியல் 1976இலிருந்துதான் தொடங்குகிறது. அணியின் முதல் பெரும் நட்சத்திரமான ஜார்ஜ் கெர்வினை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் 1974இல் வர்ஜீனியா ஸ்கொயர்ஸ் அணியிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர். சுற்றுகளின் எண்ணிக்கையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் டிராஃப்ட் பத்துச் சுற்றுகள் வரை நீண்டது. 1989 முதல் இரண்டே சுற்றுகள்தாம். எனவே அந்த நாளைய பட்டியலில் அறிமுகமில்லாத பெயர்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு அணியைக் குறைசொல்ல வேண்டாம். ஏழாம் எட்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர் எவராயினும் அணியில் இடம்பிடிப்பது அரிது.

அடுத்து நோட்டில் மேலிருந்து கீழாக ஆறு பத்திகளைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டு, தேர்வு எண், அந்த எண் எப்படி வந்தது, அறிவிக்கப்பட்ட பெயர், அந்த வீரர் ஸ்பர்ஸுக்காக முதன்முதலில் களமிறங்கிய ஆண்டு, இறுதியில் அந்த உரிமைக்கு என்ன ஆயிற்று. தரவுகளை லீக்கின் அதிகாரப்பூர்வப் பதிவுகளிலிருந்தும் அணி வெளியிடும் ஊடகக் கையேட்டிலிருந்தும் எடுக்கலாம். இந்த ஆறில் மூன்றாவது பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மற்றவை பாதிப் பொருளை இழந்துவிடும்.

மூன்றாவது பத்தி எவ்வளவு பேசும் என்பதற்கு 1999ஆம் ஆண்டின் வரியைப் பாருங்கள். அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் எழுந்த கதவடைப்பால் 50 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த சீசனில் ஸ்பர்ஸும் யூட்டா ஜாஸும் தலா 37 வெற்றி, 13 தோல்வி என்று லீக்கின் உச்சியில் சமமாக நின்றன. வலுவான அணி கடைசியில் தேர்வு செய்ய வேண்டும் என்பது விதி. சமநிலையில் நிற்கும் அணிகள் முதல் சுற்றில் எந்த வரிசையில் வந்தனவோ, இரண்டாம் சுற்றில் அதற்கு நேர்மாறான வரிசையில் வரும் என்பதும் விதி. ஆகவே முதல் சுற்றில் யூட்டா 28ஆவதாகவும் ஸ்பர்ஸ் 29ஆவதாகவும் தேர்வு செய்தன. இரண்டாம் சுற்றில் ஸ்பர்ஸ் 57, யூட்டா 58. அந்த 57ஆம் இடத்தில்தான், கோப்பையை வென்று ஐந்தே நாள் கழித்து, இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த அர்ஜென்டினா இளைஞர் மனு ஜினோபிலியின் பெயரை ஸ்பர்ஸ் அறிவித்தது. 57 என்ற எண்ணை வெறும் எண்ணாக எழுதினால் அது ஓர் அதிசயக் கதையாக மட்டும் நிற்கும். எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், லீக்கிலேயே சிறந்த அணி தன் கடைசி உரிமையைக்கூட வீணாக்காமல் எங்கே கண்களைத் திருப்பியது என்பது தெரியவரும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை எல்லா அணிகளும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கடைசி வரிசையில் நிற்பவருக்கு மற்றவர் பார்க்காத இடமே மிச்சம்.

ஐந்தாவது பத்தியான ‘களமிறங்கிய ஆண்டு’, ஸ்பர்ஸ் விஷயத்தில் தனிக் கவனம் கேட்கிறது. ஜினோபிலி 1999இல் தேர்வானாலும் அணிக்கு வந்தது 2002இல்தான். அந்த மூன்று ஆண்டுகளும் அவர் இத்தாலியில் ஆடி, போலோனியா அணியோடு 2001இல் ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யூரோலீக் கோப்பையையும் வென்றார். ஸ்பர்ஸ் அவருக்கு ஊதியம் தரவில்லை. உரிமையை மட்டும் கையில் வைத்திருந்தது. பிரேசிலின் டியாகோ ஸ்ப்ளிட்டர் 2007இல் 28ஆவதாகத் தேர்வாகி 2010இல் வந்து சேர்ந்தார். காத்திருப்பு எப்போதும் பலிப்பதில்லை என்பதற்கும் இதே பட்டியலில் சான்று உண்டு: 2002இல் 56ஆவதாக எடுக்கப்பட்ட லூயிஸ் ஸ்கோலா ஸ்பர்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய உரிமை 2007இல் ஹூஸ்டனுக்குப் போயிற்று. அங்கே அவர் பல ஆண்டுகள் முதன்மை ஆட்டக்காரராக விளங்கினார். ஸ்கோலாவைத் தேர்வில் வெற்றி, உரிமையைக் காப்பதில் தோல்வி என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே நேர்மை.

இந்தப் பத்தியின் மிகப் பழைய, மிகப் பெரிய வரி டேவிட் ராபின்சனுடையது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்த அவரை ஸ்பர்ஸ் 1987இல் முதல் தேர்வாக எடுத்தது, அவர் இரண்டு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றியாக வேண்டும் என்று தெரிந்தே. அந்த இரண்டு ஆண்டுகளின் விலையை அடுத்தடுத்த வரிகளில் காணலாம்: 1988-89 சீசனில் அணி 21 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. ஆனால் அந்தத் தோல்விகளால்தான் 1989இல் மூன்றாம் தேர்வு கிடைத்து, அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஷான் எலியட் வந்தார். ராபின்சனும் எலியட்டும் ஒன்றாகக் களமிறங்கிய 1989-90 சீசனில் வெற்றிகள் 56 ஆயின. வேறு வீரர்கள் வந்ததும் அதற்கு உதவியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அணி முதல் கோப்பையை வென்றபோது இருவரும் களத்தில் இருந்தார்கள்.

அதிர்ஷ்டத்தையும் அறிவையும் வேறுபடுத்துவது அடுத்த வேலை. பின்தங்கிய அணிகளுள் யாருக்கு முதல் தேர்வு என்பதைக் குலுக்கல் பந்துகளால் முடிவுசெய்யும் லாட்டரியில் கிடைத்த முதல் தேர்வை அணியின் கண்டறியும் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. 1996-97 சீசனில் காயத்தால் ராபின்சன் ஆறு ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. அணி 20 வெற்றிகளோடு முடித்தது. அதைவிட மோசமாக முடித்தவை இரண்டே அணிகள். அவற்றுள் வான்கூவர் புதிய அணி என்பதால் முதல் தேர்வைப் பெறத் தகுதியற்றிருந்தது. பாஸ்டன் இரண்டு லாட்டரித் தேர்வுகளோடு காத்திருந்தது. பந்துகள் ஸ்பர்ஸுக்குச் சாதகமாக விழுந்தன, பாஸ்டனுக்கு மூன்றும் ஆறும் போயின. அந்த ஆண்டு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை முடித்து வந்த டிம் டங்கனை முதலிடத்தில் எடுக்க எந்த அணியும் தயங்கியிருக்காது. 2023உம் அப்படித்தான்: 22 வெற்றிகளோடு முடித்த ஸ்பர்ஸுக்கு, மிக மோசமான மூன்று அணிகளுக்கும் பொதுவான 14 விழுக்காட்டு வாய்ப்பே இருந்தது, லாட்டரி அதன் பக்கம் விழுந்து விக்டர் வெம்பன்யாமா வந்தார். ராபின்சன், டங்கன், வெம்பன்யாமா ஆகிய மூன்று வரிகளையும் என் நோட்டில் வேறு நிறத்தில் எழுதியிருக்கிறேன். அவற்றை மூடிவிட்டு மீதியைப் படித்தால்தான் அணியின் கைத்திறன் தெரியும்.

மீதியில் முதலில் நிற்பது 2001இன் 28ஆம் தேர்வு, டோனி பார்க்கர். அது அந்த ஆண்டு முதல் சுற்றின் கடைசித் தேர்வு. பிரான்ஸிலிருந்து வந்த 19 வயதுப் பையனின் முதல் பயிற்சிச் சோதனை பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சுக்குத் திருப்தி தரவில்லை. ஆயினும் அணி அவரை இரண்டாம் முறை அழைத்துப் பார்த்தது. நான்கு கோப்பைகளில் பங்கு, 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது எல்லாம் அந்த இரண்டாம் அழைப்பிலிருந்து வந்தவை. ஒருவரை ஒருமுறை பார்த்துக் கழித்துவிடாத இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முதல் பரிசைவிடக் கடைசி இடத்தை ஓர் அணி எவ்வளவு பொறுமையோடு பயன்படுத்துகிறது என்பதே அதன் தரம் என்பது என் உறுதியான கருத்து.

தவறிய தேர்வுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் தராசு சரியாக இருக்க வேண்டும். 2005இல் ஸ்பர்ஸ் 28ஆவதாக இயன் மஹின்மியை எடுத்தது. இரண்டு இடம் தள்ளி, 30ஆவதாக, டேவிட் லீ போனார், பின்னாளில் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இதைச் சுட்டி ஸ்பர்ஸை மட்டும் குற்றம் சொன்னால், அவருக்கு முன் தேர்வு செய்த மற்ற அணிகளையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? ஒரு தேர்வை, அந்த இடத்தில் பொதுவாக எத்தகைய வீரர் கிடைப்பார் என்பதோடு ஒப்பிட வேண்டும். பின்னால் எழுந்து வந்த ஒருவரோடு மட்டும் ஒப்பிடக்கூடாது. இரண்டாம் சுற்றுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் அங்கே தேர்வானவருக்கு ஒப்பந்தம்கூட உறுதியில்லை. 2015இல் 52ஆவதாக டல்லாஸ் எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங், டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றும் என்பிஏ ஆட்டத்தில் இறங்க வாய்ப்புக் கிட்டவில்லை.

இப்போது நோட்டின் கடைசிப் பத்தி: உரிமைக்கு இறுதியில் என்ன ஆயிற்று. மேடையில் ஓர் அணியின் பெயரால் அறிவிக்கப்பட்டவர் அந்த அணியின் வீரர் ஆகாமலே போகலாம். 2003இல் 28ஆவதாக லியாண்ட்ரோ பார்போசாவையும் 2008இல் 45ஆவதாக கோரான் டிராகிச்சையும் ஸ்பர்ஸ்தான் தேர்ந்தெடுத்தது. இருவரும் உடனே ஃபீனிக்ஸுக்குக் கைமாற்றப்பட்டார்கள், இருவரும் அங்கே நன்றாக வளர்ந்தார்கள். மறுபுறம், 2011இல் 15ஆவதாக இந்தியானா அறிவித்த கவாய் லெனர்ட், அந்த இரவே ஸ்பர்ஸுக்கு வந்தார். என் முதல் பட்டியலில் நான் லெனர்டை ஸ்பர்ஸ் தேர்வுகளில் தேடிக் காணாமல், விட்டுப்போன பெயர் என்று எண்ணி நானே சேர்த்துவிட்டேன். அப்படிச் சேர்க்கக்கூடாது. அவரை இன்னொரு வரியின் கடைசிப் பத்தியில் எழுத வேண்டும், அது ஜார்ஜ் ஹில்லின் வரி.

ஹில் 2008இல் 26ஆவதாக, பெரிய பெயரில்லாத ஒரு கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டவர். மூன்று ஆண்டுகள் நன்றாக ஆடினார். அவரைக் கொடுத்துத்தான் லெனர்டை வாங்கினார்கள். லெனர்ட் 2014 கோப்பையையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வென்றார். 2018இல் அவர் டொரன்டோவுக்குப் போனபோது டெமார் டிரோசன், யாகோப் பெல்டில் என்ற இரு வீரர்களும் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அந்தத் தேர்வு 2019இல் 29ஆவதாக விழுந்து கெல்டன் ஜான்சன் ஆயிற்று. பெல்டில் 2023இல் திரும்ப டொரன்டோவுக்கே அனுப்பப்பட்டு, ஈடாக அவர்களுடைய 2024 முதல் சுற்றுத் தேர்வு பெறப்பட்டது. அது எட்டாம் இடத்தில் விழுந்தது. அதில் அறிவிக்கப்பட்ட ராப் டில்லிங்ஹாமை அன்றே மின்னசோட்டாவுக்குக் கொடுத்து, அந்த அணியின் 2031ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வையும் 2030இல் தன் தேர்வை அந்த அணியின் தேர்வோடு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் ஸ்பர்ஸ் வாங்கியது.

இவ்வகைச் சங்கிலிகளை அம்புக்குறியிட்டு வரைந்துகொள்ளுங்கள். பட்டியலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2016இல் 29ஆவதாக வந்த டெஜான்டே மரேயின் வரியிலும் ஒரு சங்கிலி உண்டு: 2022இல் அவரை அட்லான்டாவுக்குக் கொடுத்து வாங்கிய தேர்வுகளில் ஒன்று 2025இல் 14ஆவதாக விழுந்து கார்ட்டர் பிரையன்ட் ஆனது. 2017இன் 29ஆம் தேர்வு டெரிக் வைட் பாஸ்டனுக்குப் போனதில் 2022இன் 25ஆம் தேர்வு வந்தது.

இன்னும் முடிவடையாத சங்கிலிகளை மையால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள். 2024இன் நான்காம் தேர்வு ஸ்டெஃபான் காசிலும் 2025இன் இரண்டாம் தேர்வு டிலன் ஹார்ப்பரும் என் நோட்டில் பென்சிலில்தான் இருக்கிறார்கள். ஜார்ஜ் ஹில்லின் வரியில் 2031 என்று எழுதி, அதற்கு நேரே பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.