'ஸ்கேன் நார்மல்தான்' என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்

மறதிக்காக எடுத்த அம்மாவின் மூளை எம்ஆர்ஐ ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நான் தேடியது கடைசி வரியைத்தான். வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், வேறு குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று இருந்தது. உடனே தங்கைக்குப் போன் போட்டு "ஒண்ணும் இல்லையாம்" என்றேன். ஃபைல் பீரோவுக்குள் போனது. ஆனால் அதற்கு முந்தைய தீபாவளியிலேயே அம்மா பாகுச் சட்டிக்கு முன்னால் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தார். நாற்பது வருஷமாக அதிரசம் சுட்டவருக்குப் பாகு பதம் பிடிபடவில்லை. அதை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை. அப்படியே ஒன்றரை வருஷம் போய்விட்டது.

இதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். அந்த மூளையை வைத்துக்கொண்டு ஒருவர் பால் கணக்குப் பார்க்கிறாரா, பஸ் மாறி ஏறுகிறாரா என்பது படத்தில் தெரியாது. அல்சைமர் என்ற மறதி நோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் மறதி தொடங்குவதற்கு 15, 20 வருஷம் முன்பே படியத் தொடங்குகிறது. சாதாரண எம்ஆர்ஐயில் அது தெரியாது. கண்ணுக்குத் தெரியும் அளவு சுருக்கம் வருவது பிறகுதான். அதனால் ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேன் சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரிப்போர்ட்டில் 'அட்ராஃபி', அதாவது சுருக்கம், என்ற சொல்லைப் பார்த்ததும் டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்துவிட்டதாக அழுவது. எழுபது வயதில் எல்லா மூளையும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி. புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் சுருக்கத்தை 0 முதல் 4 வரை அளப்பார்கள். மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டால் ஸ்கேனில் தெரியும் வெள்ளைத் திட்டுகளுக்கு ஃபசேகாஸ் அளவு, 0 முதல் 3 வரை. அதில் 1 என்றால் அந்த வயதில் சகஜம். 2, 3 என்றால் பிபியையும் சுகரையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் சீட்டில் வெறுமனே 'தலைவலி' என்று எழுதியிருந்தால் ஹிப்போகேம்பஸைச் சரியாகக் காட்டும் கரோனல் படங்களை (மூளையை முகத்துக்கு இணையாக வெட்டிப் பார்ப்பவை) எடுக்காமலே விட்டுவிடலாம். மறதிக்காக எடுக்கிறோம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். நரம்பியல் டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடி வட்டும் வேண்டும்.

ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்பவே ஆதங்கம் உண்டு, ஏனென்றால் இவை சரிசெய்யக்கூடியவை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும். காது மந்தமானவர் சொன்னதை மறந்ததாக நாம் நினைப்போம், அவர் காதிலேயே அது விழுந்திருக்காது. சில தூக்க மாத்திரைகளும் சிறுநீர்ப்பை மாத்திரைகளும்கூட புத்தியை மந்தமாக்கும். போடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஸ்கேனைத் தள்ளிப் போடவே கூடாத நேரமும் இருக்கிறது. குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர் என்றால் இன்னும் ஆபத்து. அன்றைக்கே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வயசாகிவிட்டது என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள்.

மறதியே இல்லாதவர், பயத்தில் அமிலாய்டு படிவைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டாம். படிவு இருந்தால் மறதி வந்தே தீரும் என்றில்லை. அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளை வைத்து நடந்த ஆய்வில், சிஸ்டர் மேரி 101 வயதில் இறக்கும்வரை நினைவாற்றல் தேர்வுகளில் நன்றாகவே எழுதினார். அவர் மூளையில் அல்சைமர் படிவுகள் ஏராளமாக இருந்தன.

கடைசியாக, டாக்டர் அறையில் நாம் செய்வது. ஆட்டோவில் வரும்போதே "இன்னைக்கு என்ன தேதி, சொல்லும்மா" என்று பாடம் நடத்தி அழைத்து வருகிறோம். நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் 30 மதிப்பெண் மோகா தேர்வு எதற்காக வைக்கிறார்களோ அதையே கெடுத்துவிடுகிறோம். அப்புறம், கேட்ட கேள்விக்கெல்லாம் நாமே பதில் சொல்கிறோம். இரண்டாம் முறை போனபோது நான் வாயை மூடிக்கொண்டேன். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அந்தத் திரும்பலைக் குறித்துக்கொண்டார். எந்தக் கேள்விக்கும் கூட வந்தவர் பக்கம் தலை திரும்புவதே ஒரு அறிகுறியாம். நான் தேதி போட்டு எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினேன். முதல் பக்கத்தில் அந்த அதிரசம் இருந்தது. டாக்டர் நோட்டை முழுக்கப் படித்த பிறகுதான் ஸ்கேன் படங்கள் உள்ள சிடி வட்டைக் கேட்டார்.