பூங்காவுக்கு நிலம் தானம்: பத்திரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

நகராட்சிக்குப் பூங்கா நிலம் தர நினைப்பவர்கள் நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். நீலகிரியில் முதலில் பார்க்க வேண்டியவர் நகராட்சிப் பொறியாளர். ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் அணைகளும் குன்னூருக்கு ரேலியா அணையும் இருந்தும், கோடையில் வீடுகளுக்கே முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீருக்கு வழி செய்யாமல் கொடுத்த பூங்கா காய்ந்து, பூட்டிக் கிடக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். மழையில்லாத நாளில் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வேண்டும். 10 சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். முழுக்கப் புல் போட்டால் தினமும் 1,200 லிட்டர். வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் இதற்கே 8,500 லிட்டர் தொட்டி கட்ட வேண்டியிருக்கும். புல்லை 3 சென்ட்டோடு நிறுத்துங்கள். 365 லிட்டர் போதும். 50 சதுர மீட்டர் கூரையில் 1,000 மி.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர் வரை பிடிக்கலாம். ஆனால் மழை வரும்போது செடிக்குத் தண்ணீர் தேவையில்லை. ஆகவே 10,000 லிட்டர் தொட்டியை வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் நிரப்பி மூடி வையுங்கள். 27 நாள் தாங்கும். ஆழ்துளைக் கிணற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி எளிதில் கிடைக்காது.

நகராட்சி இணைப்பு குடிநீர்க் குழாய்க்கு மட்டும் போகட்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடையுள்ள மாவட்டம் இது. பூங்காவில் குடிக்கத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

மலையில் பைப் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் அழுத்தம். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். மேல்நிலைத் தொட்டி 80 மீட்டர் மேலே இருந்தால் 8 கிலோ. 6 கிலோ தாங்கும் பைப் போட்டிருந்தால், இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஏதாவது ஒரு இணைப்பு கழன்றுவிடும். பாதி இறக்கத்தில் மிதவை வால்வு வைத்த 500 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினால் அழுத்தம் அங்கேயே முறிந்து, கீழே 4 கிலோதான் வரும். மேடான இடத்தில் பைப்பில் சேரும் காற்றை விட காற்று வால்வு, தாழ்வான இடத்தில் படியும் வண்டலைத் திறந்துவிட கழிவு வால்வு அவசியம். பைப்பை 60 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள், வெளியே தெரிந்தால் உறைபனிக்கும் காட்டுமாட்டுக் குளம்புக்கும் தப்பாது.

இனி நிலம். பட்டா, மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம் ஆகியவை வேண்டும். கூடலூர்ப் பக்கம் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலமானால், உரிமை தீராமல் தானம் செய்ய இயலாது. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். சதுப்பு இருந்தால் மண் கொட்டி மூடாதீர்கள். கீழே இருக்கும் ஊருக்கு அதுதான் ஊற்று.

அடுத்து நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம், பிறகு நகர்மன்றத் தீர்மானம். நிலத்தை ஏற்கிறோம் என்ற ஒரு வரியோடு தீர்மானம் நின்றுவிடக் கூடாது. எந்தக் குழாயிலிருந்து இணைப்பு, பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பில் என்பதும் அதில் வர வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள், பிறகு கேட்டால் நடப்பது கடினம்.

தானப்பத்திரத்துக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி பதிவும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் கட்டாயம். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நகராட்சி ஏற்காவிட்டால் தானம் செல்லாது. வயதானவர்கள் தீர்மானத்தைத் தள்ளிப்போட விடக் கூடாது. 'நான் விரும்பும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்' என்று எழுதினாலும் செல்லாது. 'பூங்கா அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றினால் தானம் ரத்தாகும்' என்று குறிப்பான நிகழ்வை, நகராட்சியின் ஒப்புதலோடு எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டாவை நகராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வால்வுகள் புதைந்த இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்று அலுவலகக் கோப்பிலும், இன்னொன்று அந்தப் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடமும் இருக்கட்டும்.