முன்கைச் சுழற்சி: கைக்கடிகாரம் எனக்குக் கற்றுக்கொடுத்த கோல்ஃப் பாடம்

ஆறு மாதம் ஜிம்முக்குப் போய் முன்கைகளை உரமேற்றினேன். பந்து முன்பு விழுந்த இடத்திலேயேதான் விழுந்தது. கோலாலம்பூரின் வழக்கமான மாலை மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், டிரைவிங் ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் இடத்தில், பக்கத்தில் நின்ற அங்கிள் கேட்டார்: "என்ன தம்பி, கோழிக் கழுத்தையா திருகுகிறீர்கள்?" குனிந்து பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன.

முன்கையின் வேலை சுழல்வது. இறுக்கிப் பிடித்த கை சுழலாது.

நிற்கும் முறையும் தோள் திருப்பமும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வலக்கைக்காரர்களுக்கே எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுத்தர நீள மட்டையான செவன் அயனை எடுங்கள். நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை பைக்குள்ளேயே கிடக்கட்டும். முழு வலுவோடு பிடிப்பது பத்து என்றால், உங்கள் பிடி நான்கில் இருக்கட்டும். நம் ஊர் வியர்வையில் மட்டை நழுவிவிடும் என்ற பயத்தில்தான் பலர் நெரிக்கிறார்கள். அதற்கு மட்டையின் கைப்பிடிக்கு நூலிழை கலந்த கார்ட் க்ரிப் உறை போடுங்கள். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றி அணியுங்கள். முன்கையைப் பழக்குவதாகச் சொல்லி விற்கும் கருவிகள் எதற்கும் நான் காசு கொடுக்க மாட்டேன்.

இப்போது இடது மணிக்கட்டில் ஒரு மலிவான கடிகாரம் கட்டுங்கள். பந்தின் முன் நிற்கும்போது அதன் முகம் ஏறக்குறைய இலக்கைப் பார்க்கும். மட்டையை இடுப்பு உயரத்துக்குப் பின்னால் கொண்டுபோங்கள்: கடிகார முகம் உங்களுக்கு எதிரே பார்க்க வேண்டும், மட்டைத் தலையின் நுனி வானத்தை நோக்க வேண்டும். பந்தில் படும்போது முகம் மீண்டும் இலக்குக்கு வரும். அடித்து முடித்து மறுபக்கம் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் அது உங்களுக்குப் பின்னால் பார்க்கும். நுனி மறுபடியும் மேலே. காரின் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்புவதைப் போல இரண்டு முன்கைகளும் சேர்ந்தே திரும்புகின்றன.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்தபடியில். சுழற்ற வேண்டும் என்று தெரிந்ததும், மட்டை கீழே இறங்கத் தொடங்கும்போதே சுழற்றிவிட்டேன். பந்து இடப்பக்கம் வளைந்து வலையில் போய் மோதியது. இரண்டு வாரம் பிடியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். குற்றம் இடுப்பில் இருந்தது. இடுப்பு நின்றுவிட்டால் கைகள் முந்திக்கொள்ளும். இடுப்பு முதலில் திரும்பட்டும். முன்கைகள் பந்தை நெருங்கும்போதுதான் வந்து சேர வேண்டும்.

அதைக் கைக்குப் புரியவைக்க ஒரு வழி உண்டு. இரண்டு கைகளுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுப் பிடித்து, பந்தில்லாமல் அரை வீச்சு வீசுங்கள். பந்து இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியதும் வலக்கை இடக்கைக்கு மேலே ஏறுவது தெளிவாகத் தெரியும். இருபது முறை செய்தபின் பந்தை வையுங்கள்.

பிற்சேர்க்கை: முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல் பாயைக் குத்தி அடித்திருப்பீர்கள், அல்லது பிடி இறுகியிருக்கும். வலி தீரும்வரை மட்டையைத் தொடாதீர்கள். தீரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பினாங்கு வாசகர் ஒருவரின் கடிகாரம் வார் அறுந்து பந்தோடு பறந்துவிட்டதாம். அதற்குப் பிறகு நானும் கடிகாரம் கட்டுவதில்லை. இடது கையுறையின் பின்புறம் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் வரைந்துகொள்கிறேன்.