மறைந்த மாளிகையைத் தேடும் முறை: லெஸ்டர் கிரேஃபிரையர்ஸ்

துறவிமடம் இருந்த இடத்தில் எழுந்து, பின்னர் தானும் மறைந்துபோன ஒரு மாளிகையின் வரலாற்றைத் தேடுவோர், மடம் கலைக்கப்பட்ட ஆண்டிலிருந்து தொடங்கி, நிலம் யார் யார் கைக்கு மாறியது என்பதைப் பத்திரங்களின் வழியே வரிசைப்படுத்த வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிரான்சிஸ்கன் என்னும் கிறித்தவத் துறவியரின் கிரேஃபிரையர்ஸ் மடம் 1538இல் கலைக்கப்பட்டது. பிற்பாடு அந்நிலத்தை வாங்கிய ராபர்ட் ஹெரிக், தோட்டத்துடன் கூடிய மாளிகையொன்றை அங்கே கட்டினார்.

அடுத்து, நேரில் கண்டவர்களின் குறிப்புகளைத் தேடுங்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் உடல் இங்கே கிடக்கிறது என்று பொறித்த மூன்றடிக் கல்தூணை 1612இல் அத்தோட்டத்தில் பார்த்ததாகக் கிறிஸ்டோபர் ரென் (அதே பெயர்கொண்ட புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் தந்தை) எழுதி வைத்திருக்கிறார். என் கணிப்பில், பத்திரங்களைவிட இத்தகைய ஒற்றை வரியே பெரிய துப்பு.

ஒரே நிலப்படத்தை நம்பிவிடாதீர்கள். பழைய நிலப்படங்களை வரைந்த ஜான் ஸ்பீடு தம் படத்தில் வேறொரு மடத்தையே கிரேஃபிரையர்ஸ் எனக் குறித்துவிட்டார். 1741ஆம் ஆண்டுப் படத்திலோ, நடைபாதைகள் நடுவில் சந்திக்கும் தோட்டம் தெளிவாகத் தெரிகிறது. அதை இன்றைய தெருப்படத்தின்மேல் பொருத்திப் பாருங்கள்.

மாளிகை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. 2012இல் அந்நிலத்தில் இருந்த கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, மடத்தின் தேய்ந்த தரையோடுகளையே எடுத்து ஒழுங்கின்றிப் பாவிய தோட்டப் பாதை வெளிப்பட்டது. மன்னரின் எலும்புக்கூடும் அதே அகழாய்வில்தான் கிடைத்தது.