ஹாலிஹாக் பூவைப் படமெடுக்கவும் வரையவும்

மூணாறில் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் அம்மா நட்ட ஹாலிஹாக் இப்போது என்னைவிட உயரம். செம்பருத்தி வகையறாதான், ஐந்து இதழ், நடுவே மகரந்தத் தூண். கீழிருந்து மேலாகப் பூக்கும். அதனால் ஒரே தண்டில் அடியில் காய், நடுவில் பூ, நுனியில் மொட்டு என்று மூன்றும் இருக்கும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து முழுத் தண்டையும் எடுங்கள்.

நேரம்தான் முக்கியம். காலையில் தேயிலைச் சரிவுக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்ததும், பூவுக்குப் பின்னால் சூரியன் வரும்படி குத்தவைத்து உட்காருங்கள். இதழ் அவ்வளவு மெல்லியது. வெளிச்சம் ஊடுருவி நரம்பெல்லாம் தெரியும். படம் இருட்டாக வந்தால் திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். உச்சி வெயிலில் சிவப்பு அப்பிக்கொள்ளும், நரம்பு தெரியாது. மூடுபனி நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பின்னணி தானாகவே மறைந்துவிடும்.

வரைய வாட்டர் கலர். இதழை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, நடுவில் அடர் ரோஸ் வைத்துப் பரவ விடுங்கள். காயும் முன் பிழிந்த தூரிகையால் நரம்புகளை ஒற்றி எடுங்கள். அப்புறம், பூவின் தொண்டையில், அதாவது இதழ்கள் வந்து சேரும் உள்ளடியில், இருக்கும் மஞ்சள் பச்சைக்கு இடம் விடுங்கள். முதல் நான்கு படங்களில் அதை மூடிவிட்டேன். பூவில் உயிரே இல்லை. இலை நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பச்சையில் துளி சிவப்பு போதும்.