இடிந்த மடத்தைப் பழுதுபார்க்கும்போது தொல்லியல் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் குவின் என்ற ஊரில் பிரான்சிஸ்கன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையின் மடம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. பார்வைக்கு ஒரே கட்டடம்தான். ஆனால் 1280 வாக்கில் தாமஸ் டி கிளேர் என்ற நார்மன் பிரபு கட்டிய கோட்டை இடிபட்டுப்போக, அதன் மதில்மேலேயே 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மடம் அது. மூலைக் கொத்தளங்களின் அடிப்பகுதி இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் நடக்கும் தவறு, ஒரு முழுச் சுவருக்கும் ஒரே காலத்தை எழுதிவிடுவது. கல்வரிசை எங்கே முறிகிறது, எந்த வாசலைப் பின்னால் அடைத்திருக்கிறார்கள், எந்தக் கல் வேறிடத்திலிருந்து வந்தது என்று தனித்தனியாக எண் கொடுத்துக் குறிக்க வேண்டும்.

அடுத்தது, “வேலைக்கு முன்னாலேயே லேசர் ஸ்கேன் எடுத்தாச்சு, போதும்” என்ற நினைப்பு. ஸ்கேன் வடிவத்தைத் தரும். எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதை ஆள் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாரம் கட்டிய பிறகுதான் சுவர் உச்சியும் வளைவுக்கூரையின் அடிப்புறமும் கைக்கெட்டும். அந்த வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வந்தாலே பெரிது.

அங்கே என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். இடைக்கால அயர்லாந்தில் வளைவுக்கூரை கட்டும்போது குச்சிகளைப் பின்னிய தட்டியைக் கீழே தாங்கலாக வைத்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரையைப் பரப்பிக் கல்லடுக்கினார்கள். தட்டியைப் பிரித்த பின்னும் பின்னலின் அச்சு காரையில் பதிந்து நிற்கும். சில இடங்களில் குச்சித் துண்டே உள்ளே மாட்டியிருக்கும். அதை ரேடியோகார்பன் முறையில், அதாவது மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையில், சோதிக்கலாம். மெல்லிய குச்சி சில ஆண்டுகளே வளர்ந்தது என்பதால், கிடைக்கும் காலம் கூரை கட்டிய காலத்துக்கு மிக அருகில் வரும். காரையிலுள்ள கரித்துண்டுகளையும் சோதிக்கலாம், ஆனால் எச்சரிக்கை தேவை. அவை சுண்ணாம்புக் காளவாயில் எரித்த விறகின் மிச்சம். விறகு முதிய மரத்தின் உள்வயிரமாக இருந்தால் சோதனை உண்மையைவிடப் பல பத்தாண்டுகள் பழைய காலத்தைக் காட்டும். மரத்தின் வகை, எந்தப் பாகம் என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது.

இதையெல்லாம் கொத்தனார் பழைய காரையைச் சுரண்டித் தள்ளுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். சுரண்டிய குப்பையிலிருந்து பொறுக்கிய மாதிரியால் பயனில்லை. சுவரின் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் குறித்து, பிற்காலப் பாயிண்டிங் (கல்லிடுக்குகளில் புதிதாக அடைத்த காரை) கலக்காத உட்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

பழைய பூச்சை வெறும் அழுக்கென்று நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மேயோ கவுண்டியின் மோய்ன் மடத்தில், சுவர்ப்பூச்சில் யாரோ கப்பல்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இத்தகைய மெல்லிய கீறல்கள் நேர் வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரஷ், தண்ணீர் எல்லாம்.

ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. வேர் கல்லிடுக்கில் புகுந்திருப்பதால் கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டிக் காயவிட்டு, தளர்ந்த கற்களுக்கு எண்ணிட்டுப் படமெடுத்த பிறகே பிரிக்க வேண்டும்.

சாரத்தின் கால் ஊன்றவோ வடிகாலுக்கோ சிறு குழிதானே என்று தொல்லியலாளர் இல்லாமல் தோண்டுவதும் ஆபத்து. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு மடங்களைக் கலைத்த பிறகும் இந்த வளாகங்களில் அடக்கம் தொடர்ந்தது. குவினின் கடைசித் துறவி ஜான் ஹோகன் 1820-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். மேல்மண்ணிலேயே மனித எலும்பு தட்டுப்படலாம்.

அப்புறம், நம் வேலையையே நாம் பதிவு செய்யாமல் விடுவது. எந்தக் கல்லை எடுத்து மறுபடி வைத்தோம், எங்கே புதுக்கல், எந்தச் சுண்ணாம்பு, எந்த மணல், என்ன விகிதம், எந்தத் தேதி என்பதெல்லாம் சுவர் வரைபடத்தில் தனி நிறத்தில் ஏற வேண்டும். நல்ல சுண்ணாம்புக் காரை சில ஆண்டுகளில் பழையதோடு நிறம் ஒத்துப்போய்விடும். குறிப்பு இல்லையென்றால், அடுத்து வருபவர் நம் காரையை இடைக்காலக் காரை என்று நம்பி மாதிரி எடுப்பார்.